குளிர் இலவசம், கம்பளி உன் செலவு

வா தம்பி, உக்காரு. மார்கழியில கொல்லிமலையில தங்கப் போறியாமே. அதுவும் ரிசார்ட்டு, நீச்சல் குளமெல்லாம் வேண்டாம்னு ஒதுக்கிட்டு, ஊருக்கு ஒதுக்குப்புறமா இருக்கற சர்க்கார் விடுதியில. நல்ல யோசனைதான். இந்த வயசுல இப்படி யோசிக்காம வேற எந்த வயசுல யோசிக்கப் போறே? அந்த மாதிரி ஒரு விடுதிக்கு எதுத்தாப்புலதான் நம்ம தோட்டம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு, அங்க வந்து போற சனங்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைச்சுது. டி.வி. வாங்கற செலவு மிச்சம்.

அந்த அனுபவத்துல சொல்றேன், கேட்டுக்க. கேட்டா உனக்கு நல்லது. கேக்காட்டி எனக்கு நல்லது, பொழுது போகும்.

மொதல்ல கையில இருக்கற சீட்டைக் காட்டு. அறை ஒதுக்கியாச்சுன்னு எழுதி, கீழ முத்திரை குத்தியிருக்கு. முத்திரையைப் பார்த்துக் குதிக்காத. அதுக்கும் கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும் பாரு: அதிகாரிங்க முகாம் வந்தா அறையைக் காலி பண்ணிக் குடுக்கணும். கோவப்படாத, நியாயம் அவங்க பக்கம். டிராவலர்ஸ் பங்களா, வனத்துறை பங்களா, ஆய்வு மாளிகைன்னு வெள்ளைக்காரன் காலத்துல ஊர் ஊருக்குக் கட்டினது எதுவும் சுத்திப் பார்க்க வர்றவனுக்காகக் கட்டினது இல்ல. மரத்தை எண்ண வந்தவன், ரோட்டை அளக்க வந்தவன், வரி போட வந்தவன், இவங்க குதிரையை விட்டு இறங்கி ராத்திரி தலை சாய்க்கக் கட்டினது. சும்மா கிடக்கற நாள்ல, போனாப் போகுதுன்னு உனக்கும் எனக்கும் தர்றாங்க. நீ அங்க விருந்தாளி இல்ல தம்பி, காலி இடத்தை நிரப்ப வந்த ஆளு.

அதனால ராத்திரி ஒன்பது மணிக்குத் தூரத்துல ஜீப் வெளிச்சம் தெரிஞ்சா, பையைக் கட்டத் தயாரா இரு. விடுதியைப் பார்த்துக்கற வாட்சர்கிட்ட சட்டம் பேசாத. அந்த மனுசனுக்கு அதிகாரி வருசம் பூரா, நீ ஒரு ராத்திரி. “நான் யாருன்னு தெரியுமா?”ன்னு கேட்டவங்களை நான் பார்த்திருக்கேன். மலையில அந்தக் கேள்விக்குப் பதில் வராது, எதிரொலிதான் வரும்.

சரி, வர்ற வழிக்கு வருவோம். நாமக்கல்லுல இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினா காரவள்ளி. அதுதான் அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வால்பாறைக்குப் போய்ட்டு வந்து 40 வளைவு ஏறினேன்னு மீசையை முறுக்கறவங்களை எங்க ஊர்ல ஒரு மாதிரியாத்தான் பார்ப்போம். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட பலகை இருக்குது. அந்த நம்பர் எதுக்குன்னா, வண்டி நின்னு போச்சுன்னா எந்த இடத்துலன்னு சொல்லத் தோதா இருக்கும். நம்ம சனம் அதை வேற விதமாப் புரிஞ்சுக்கிட்டு, ஒண்ணுல ஆரம்பிச்சு ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்துலயும் நின்னு படம் எடுக்குது. பின்னாடி பஸ்ஸு நின்னு ஹாரன் அடிக்கற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். கோயிலுக்குப் போற பஸ்ஸு அது. அந்த டிரைவருக்கு வளைவு ஒவ்வொண்ணும் மனப்பாடம். நீ குறுக்க நின்னது மட்டும்தான் பாடத்துல இல்லாதது.

கீழயே பரோட்டாவும் சால்னாவும் ஒரு கட்டு கட்டிட்டு வண்டி ஏறாத. 25ஆவது வளைவுல அது ஜன்னல் வழியா விடை பெறும். மலையில ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி வழி விடணும், அது ரோட்டுச் சட்டம். இறங்கறப்போ இரண்டாவது கியர்ல இறங்கு. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா, பாதியில ரப்பர் கருகற வாசம் அடிக்கும். அதுக்கு மேல பிரேக்கு உன் பேச்சைக் கேக்காது. நாலு மணிக்குள்ள மேல வந்துடு. பொழுது சாய்ஞ்சா மேகம் ரோட்டுலயே வந்து உக்காந்துக்கும். அப்போ ஹெட்லைட்டைப் பெருசாப் போட்டா வெளிச்சம் பனியில பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும். சின்ன லைட்டு போட்டு, ஓரக் கோட்டைப் பார்த்து ஊர்ந்து வா. அவசரப்பட்டு வந்து என்ன பண்ணப் போறே? விடுதியில உனக்காக ஆரத்தித் தட்டு வெச்சுக்கிட்டு யாரும் நிக்கல.

வந்து சேர்ந்தாச்சு. பூட்டைத் திறந்தா மொதல்ல வர்றது பூட்டியே கிடந்த வாசம். அப்புறம் வாட்சர் ஒரு பதிவேட்டை நீட்டுவாரு. பேர், ஊர், வந்த நேரம் எழுதணும். அந்தப் பதிவேட்டுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கும், சாமான் பதிவேடு. முடிஞ்சா அதைக் கேட்டு வாங்கிப் படி. கட்டில், மெத்தை, நாற்காலி, வாளி, குவளை, சுவர்க் கடிகாரம், பிளாஸ்க்குன்னு அழகான கையெழுத்துல வரிசையா இருக்கும். ஒவ்வொரு வருசமும் தணிக்கை பண்ணி, சரியா இருக்குதுன்னு டிக்கும் போட்டிருக்கும். உள்ள போய்ப் பார்த்தா பிளாஸ்க்குக்கு மூடி இருக்கும், பிளாஸ்க்கு இருக்காது. கடிகாரத்துக்கு முள்ளு இருக்கும், ஓடாது. காகிதத்துல எல்லாம் நல்லா இருக்குது. நீ காகிதத்துல படுத்துத் தூங்கினா ஒரு குறையும் வராது.

கட்டில்ல படுக்கப் போறதா இருந்தா பட்டியல் சொல்றேன். கம்பளி, உன்னுது. கம்பளிக்கு மேல போத்திக்க இன்னொண்ணு, அதுவும் உன்னுது. டார்ச் லைட்டு, அதுக்கு மாத்து பேட்டரிக் கட்டை. மெழுகுவத்தி, தீப்பெட்டி, தீப்பெட்டியை ஈரம் படாத டப்பாவுல வை. குண்டு பல்பு ஒண்ணு எடுத்துக்க. சிரிக்காத. அறையில ஹோல்டர் இருக்கும், பல்பு இருக்கும்னு யாரும் சத்தியம் பண்ணல. மின்சாரம் காத்தடிச்சா போகும், மழை பேஞ்சா போகும், சில நாள் ரெண்டும் இல்லாட்டியும் போகும். போனவுடனே போனை எடுத்துப் பேசலாம்னு பார்ப்பே. சிக்னல் வேணும்னா கிணத்து மேட்டுல ஏறி, வடக்கால திரும்பி, கையை உசத்தணும். பார்க்கறவங்க மழை வேண்டிக் கும்பிடறேன்னு நினைப்பாங்க, விடு.

சுடுதண்ணி ஹீட்டர் இருக்குதான்னு கேட்டே இல்ல? இருக்குது. சுவத்துல மாட்டியிருக்குது. பார்க்கவே கதகதப்பா இருக்கும்.

இப்போ குளிரைப் பத்திச் சொல்றேன். கொல்லிமலை 1000 மீட்டர்ல இருந்து 1300 மீட்டர் வரைக்கும் உசரம். ஊட்டி 2240 மீட்டர். கணக்கு நல்லா வர்ற பசங்க, உசரம் பாதி, அதனால குளிரும் பாதின்னு கணக்குப் போட்டு, கம்பளியையும் பாதியா எடுத்துக்கிட்டு வர்றாங்க. டிசம்பர், ஜனவரி ராத்திரியில பத்துப் பன்னெண்டு டிகிரிக்குப் பக்கம் இறங்கும். “எங்க ஆபீஸ் ஏசியே பதினெட்டுல ஓடுது தாத்தா”ன்னு ஒரு பையன் சொன்னான். ஏசிக்கு சுவிட்சு இருக்குது ராசா, மார்கழிக்கு ஏது சுவிட்சு? ஐப்பசி கார்த்திகையில அடிச்ச அடைமழை மண்ணுக்குள்ள, சுவருக்குள்ள, மரத்துக்குள்ள ஊறிக் கிடக்கற நேரம் இது. வறண்ட குளிர்னா தோலோட நிக்கும். இது ஈரக் குளிர், எலும்பு வரைக்கும் விசாரிச்சுட்டுத்தான் போகும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்வாங்க. மார்கழியில வர்றதால தரையும் மச்சும் தப்பிச்சுது, நீதான் பாக்கி.

விடுதி கான்கிரீட்டு. கான்கிரீட்டுல ஒரு குணம்: ஒரு தடவை குளிர்ந்து போச்சுன்னா, நாலு பேர் மூச்சு விட்டெல்லாம் அதைச் சூடாக்க முடியாது. எங்க பழைய வீடுங்க வேற. மண் சுவரு, மேல காட்டுப் புல்லு வேய்ஞ்ச கூரை. உள்ளயே அடுப்பு, அடுப்புக்கு மேல பரண். ராத்திரி பூரா தணல் அணையாது. அந்தப் புகை பரண்ல இருக்கற விதைத் தானியத்தைப் பூச்சி அண்டாமப் பார்த்துக்கும், கூரைப் புல்லை மக்க விடாது, கீழ படுத்திருக்கற கிழவனுக்கும் கதகதப்பு. ஒரு அடுப்பு, மூணு சம்பளம். அதை இடிச்சுட்டு நாங்களும் கான்கிரீட்டுக்கு மாறிட்டோம். இப்போ நாங்களும் உன்னை மாதிரிதான், கம்பளிக்குள்ள நாகரிகமா நடுங்கறோம்.

இங்க ஒரு விசயம், இதுல மட்டும் வெளையாட்டு இல்ல. குளிர் தாங்காம, கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள்ள இழுத்து வெச்சு, ஜன்னலைச் சாத்திட்டுப் படுக்கறாங்க பாரு, அதைச் செய்யாத. கூரை வீட்டுல புகை புல்லு வழியாத் தானாப் போயிரும். கான்கிரீட்டு அறையில போறதுக்கு ஓட்டையே இல்ல. கரித்தணல்ல இருந்து ஒரு வாயு வரும், கார்பன் மோனாக்சைடுன்னு பேரு. சேலத்துல நர்சிங் படிக்கற எம் பேத்தி சொன்னா. வாசம் கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது. ரத்தத்துல பிராணவாயு உக்கார வேண்டிய நாற்காலியில இது போய் உக்காந்துக்கும். தலை வலிக்குது, தூக்கம் வருதுன்னு படுப்பே; விடிஞ்சா எழுப்ப வர்றவன்தான் அழுவான். மலை ஊருங்கள்ல இப்படிப் போனவங்க உண்டு. தணல் வேணும்னா வாசல்ல வெச்சுக் காய். படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி அணை.

காட்டுக்குள்ள போய் “கேம்ப் ஃபயர்” வைக்கறேன்னும் கிளம்பாத. காட்டுல தீ வைக்கறது 1882லயே போட்ட வனச் சட்டத்துல குத்தம். மார்கழியில புல்லு பச்சையாத்தான் இருக்கும், தை மாசி ஆனா காஞ்சு கிடக்கும். 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணி மலையில என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? மலையேறப் போன உன் வயசுப் பிள்ளைங்கதான் காட்டுத்தீயில மாட்டிச் செத்தாங்க. காட்டுத்தீ ஓடற வேகத்துல மலை மேட்டுல எந்த மனுசனும் ஓட முடியாது.

அப்போ குளிருக்கு என்னதான் பண்றது? சொல்றேன். தலையையும் பாதத்தையும் மூடு. மேல ரெண்டு போர்வை போட்டுட்டுக் கீழ சும்மா படுத்தா, மெத்தை வழியாவே குளிர் ஏறும். கீழயும் ஒண்ணு விரி. ஈரத் துணியோட உக்காராத. அப்புறம் உன் கூட்டாளி பையில ஒரு பாட்டில் வெச்சிருப்பானே, “சூட்டுக்காக”ன்னு சொல்லிக்கிட்டு. அதைக் குடிச்சா தோலுக்குக் கீழ இருக்கற ரத்தக் குழாயெல்லாம் விரியும். சூடு ஏறுதுன்னு தோணும். உண்மையில உள்ள இருக்கற சூடு வெளிய ஓடிக்கிட்டிருக்கும். இதுவும் பேத்தி சொன்னதுதான். சின்ன வயசுல எனக்குச் சொல்ல ஒரு பேத்தி இல்லாமப் போச்சு.

சாப்பாடு. மலை மேல செம்மேட்டுல கடை இருக்குது, ஓட்டல் இருக்குது. ஆனா நீ பிடிச்ச விடுதி அங்கிருந்து தள்ளி. ராத்திரி எட்டு மணிக்குப் பசி எடுத்து, போன்ல பொத்தானை அமுக்கினா பிரியாணி வரும்னு நினைச்சா, வர்றது காட்டுப்பன்னிதான். அதுவும் உனக்குத் தர இல்ல, உங்கிட்ட இருக்கறதைத் தின்ன. அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டு வா. வாட்சர் வீட்டம்மாகிட்ட மரியாதையாக் கேட்டு, கூலியை முன்னாடியே குடுத்தா சமைச்சுத் தருவாங்க. “ஏம்மா, சப்பாத்தி கிடைக்குமா, பன்னீர் கிடைக்குமா”ன்னு ஆரம்பிச்சிராத. அவங்க வீட்டுல என்ன பொங்குதோ அதுல ஒரு பங்கு கேளு. மார்கழியில பச்சை மொச்சை காய்ச்சுக் கிடக்கும். கேழ்வரகுக் களி கிண்டி, நடுவுல குழி பறிச்சு, மொச்சைக் குழம்பை ஊத்தி உன் முன்னாடி வெச்சா, வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு. அதாவது, பேசறதுக்குத் திறக்காத.

சாமைச் சோறு கிடைச்சா நீ குடுத்து வெச்சவன். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமைன்னு வகை வகையா விதைச்ச மலை இது. அப்புறம் சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைங்க குச்சிக்கிழங்கு கேட்டுச்சு. சாமையைக் குத்திப் புடைச்சு உமி நீக்கறதுக்குள்ள பொம்பளைங்க இடுப்பு உடையும். கிழங்கைப் பிடுங்கி லாரியில ஏத்தினா கையில காசு. காசு ஜெயிச்சுது. விதை அழிஞ்சிரக் கூடாதுன்னு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க இங்க வந்து வருசக் கணக்கா வேலை செஞ்சாங்க. சாமை உமி நீக்கற மெஷினும் வந்துச்சு. இப்போ பட்டணத்துல டாக்டரு சிறுதானியம் தின்னச் சொல்றாராம், நீங்க எங்களைத் தேடி வந்து கிலோவுக்கு இவ்வளவான்னு பேரம் பேசறீங்க. எங்க தாத்தா ஏழையா இருந்ததால தின்னதை, நீ பணக்காரனா இருக்கறதால தின்னறே. நல்லா இரு.

அப்புறம் முடவாட்டுக்கால் சூப்பு. அதைக் குடிக்காம இறங்கினா கொல்லிமலை போனதா ஊர்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. பாறையிலயும் மரத்துலயும் ஒட்டிக்கிட்டு வளர்ற பெரணியோட தண்டு அது. பழுப்பா ரோமம் முளைச்சு, பார்க்கறதுக்கு ஆட்டுக்காலேதான். ரோமத்தைச் சுரண்டிட்டு, நறுக்கி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பாங்க. ஆட்டுக்கால் சூப்புக்கு ஆசைப்பட்டு வெளிய சொல்ல முடியாம இருந்த சைவக்காரங்க கூச்சப்படாம ரெண்டு கிளாஸ் குடிக்கறதை நான் பார்த்திருக்கேன். மூட்டுவலிக்கு நல்லதும்பாங்க. எப்படி வியாபாரம் ஓடுதுன்னு பாரு: அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துச் சொச்சம் படி. இறங்கறப்போ சிரிச்சுக்கிட்டே போவே. ஏறி வர்றப்போ முழங்கால் ரெண்டும் தனித்தனியாப் பேசும். ஏறி வந்தா, எதுக்க சூப்புக் கடை. வலியும் இங்கயே, மருந்தும் இங்கயே. சீமையில படிச்சு வந்தவனுக்கும் இப்படி ஒரு யோசனை வராது.

அருவி சுமார் 300 அடி. அதுல விழற ஐயாறு கீழ புளியஞ்சோலைப் பக்கம் போயிரும். மழை பேஞ்சு தண்ணி ஜாஸ்தியா இருந்தா படியை அடைச்சிருவாங்க. அடைச்சிருந்தா திரும்பிடு. “இவ்வளவு தூரம் வந்துட்டோமே”ன்னு கம்பிக்கு இடையில நுழையாத. நீ எவ்வளவு தூரம் வந்தேன்னு தண்ணிக்குத் தெரியாது.

ராத்திரி. அதுக்குத்தானே வந்தே? தனிமை, அமைதின்னு சொல்லிக்கிட்டு? அப்போ அந்த ஸ்பீக்கர் பெட்டி எதுக்கு? மலையில சத்தம் நீ நினைக்கற இடத்துல நிக்காது, பள்ளத்துல இறங்கி எதிர் மேட்டுல ஏறும். நீ ஓய்வெடுக்க வர்ற மாசம்தான் எங்களுக்கு ஓய்வே இல்லாத மாசம். காபிப் பழம் பறிப்பு நடக்கும், தை பொறந்தா மிளகுக் கொடியில ஏணி சாத்தணும். விடியக் கருக்கல்ல எழறவனுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு உன் குத்துப்பாட்டு எதுக்கு? பாட்டு வேணும்னா காதுக்குள்ள வெச்சுக் கேளு. உன் ரசனையை எங்க மாட்டுக்கெல்லாம் கத்துக் குடுக்காத.

ராத்திரி கூரை மேல சத்தம் கேட்டா பயப்படாத. யானை, புலி எதுவும் இங்க இல்ல. கடையெழு வள்ளல்ல ஒருத்தனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. யானை, புலி, மான், பன்னி, உடும்பு அஞ்சையும் ஒரே அம்புல துளைச்சான்னு வன்பரணர் பாடி வெச்சிட்டுப் போயிருக்காரு. ரெண்டாயிரம் வருசம் முன்னாடியே அவன் கணக்கை முடிச்சிட்டான். பன்னி மட்டும் எப்படியோ தப்பிச்சுப் பெருகிடுச்சு. செம்மேட்டுல அவனுக்குச் சிலை இருக்குது, ஆடிப் பதினெட்டுக்கு சர்க்கார் விழா எடுக்குது. அப்போ வந்தா கூட்டம், அறையும் கிடைக்காது, அதிகாரிங்க எல்லாரும் முகாம். மார்கழியில வர்றது அந்த வகையில புத்திசாலித்தனம். கூரை மேல ஓடறது எலி, இல்லாட்டி மரநாய். கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா? சர்க்கார் கட்டடத்து எலி உனக்கு அஞ்சப் போகுதா? சாப்பாட்டை மூடி வை, அது போதும்.

குரங்குக்குப் பிஸ்கட் போடாத. இன்னைக்கு நீ அன்பாக் குடுப்பே. நாளைக்கு வர்றவன்கிட்ட அது பாக்கி வசூல் பண்ணும். இன்னொண்ணு, கொல்லிப்பாவை கதை தெரியுமில்ல? சங்கப் பாட்டுலயே பேர் வாங்கினவ. சிரிச்சு மயக்கி ஆளைக் கொல்லற பாவைன்னு சொல்வாங்க. எட்டுக்கை அம்மனா இன்னைக்கும் கும்பிடறோம். காட்டை அழிக்க வர்றவனுக்காகத்தான் அவளை வெச்சாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். மலை இப்பவும் சிரிக்குது தம்பி. பாறை விளிம்புல பின்னாடி நகர்ந்து நகர்ந்து செல்ஃபி எடுக்கறப்போ அதை ஞாபகம் வெச்சுக்க.

கடைசியா, கிளம்பற நாள். சொல்ல வந்ததே இதுக்குத்தான்.

நார்வேன்னு ஒரு தேசம். அங்க 1868லயே மலையில நடந்து சுத்தறவங்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பிச்சு, இப்போ ஐந்நூறுக்கு மேல மலைக் குடில் வெச்சிருக்காங்களாம். பேத்தி போன்ல படிச்சுக் காட்டினா. பல குடில்ல ஆளே கிடையாது. சங்கத்துல சேர்ந்தவன் சாவியைக் கொண்டு வந்து தானே திறந்துக்கணும். உள்ள அலமாரியில மாவு, டின்னு சாப்பாடு, காபித் தூள், எல்லாம் இருக்குமாம். வேணுங்கறதை எடுத்துச் சமைச்சுக்கிட்டு, என்ன எடுத்தேன்னு எழுதிக் காசு கட்டிட்டு, அடுத்து வர்றவனுக்கு விறகு வெட்டி வெச்சுட்டு, கூட்டிப் பெருக்கிப் பூட்டிட்டுப் போகணுமாம். நான் கேட்டேன்: “எழுதாமப் போனா என்ன பண்ணுவாங்க?” பேத்தி சிரிச்சா. அந்தக் கேள்வி எங்கிருந்து வருதுன்னு அவளுக்குத் தெரியும்.

நம்ம ஊர்லயும் இருந்துச்சு தம்பி. மதுரையில மங்கம்மாள் சத்திரம், ஒரத்தநாட்டுல முத்தம்பாள் சத்திரம்னு ராசா ராணிங்க கட்டி, வழிப்போக்கனுக்குச் சோறும் போட்டாங்க. ஊருக்கு ஒரு சாவடி, வீட்டுக்கு ஒரு திண்ணை, சாலையில சுமைதாங்கிக் கல்லு. யாரும் பூட்டு போடல. ஏன்னா அங்க கொண்டு போக ஒண்ணும் இல்ல. வெச்சுட்டுப் போகத்தான் இருந்துச்சு. இப்போ சர்க்கார் விடுதின்னா நமக்கு ஊரான் வீட்டு நெய்யி. குவளையைச் சங்கிலியில கட்டி வெச்சா, சங்கிலியோட கொண்டு போறவன் இருக்கான். சுவத்துல பேரை எழுதி, பக்கத்துல இன்னொரு பேரையும் எழுதி, நடுவுல அம்பு விட்டுட்டுப் போறான். ஓரியே ஒரு அம்புதான் விட்டான், இவன் சுவர் பூரா விடறான்.

விடுதியில கருத்துப் பதிவேடும் ஒண்ணு இருக்கும். எல்லாரும் அதுல குறை எழுதறாங்க. பல்பு இல்ல, வாளி ஓட்டை, தண்ணி சுடல. அழகா எழுதறாங்க, சில பேர் இங்கிலீஷ்ல. அந்த வாளிக்கு அடைப்பு வாங்கறதுக்கு ஆகற காசை விட எழுதின மையி அதிகம். கட்டடம் ஒழுகறதைக் கேக்கணும், அது வரிப் பணம், விடாமக் கேளு. ஆனா போன வாரம் தங்கினவன் பல்பைக் கழட்டிட்டுப் போனதுக்கு சர்க்காரைத் திட்டி என்ன ஆகும்? அந்தப் போன வாரத்துக்காரன் உன்னை விட மோசமானவன் இல்ல. அவனும் வந்தப்போ அங்க பல்பு இல்லாம, சொந்தக் காசுல வாங்கி மாட்டினதாத்தான் இருக்கும். போறப்போ, “நம்ம பல்புதானே”ன்னு கழட்டிட்டான். நியாயம் பார்த்தா அவன் திருடன் இல்ல. இருட்டு மட்டும் அப்படியே இருக்குது.

அதனால நீ கொண்டு வந்த பல்பை மாட்டினா, மாட்டினதாவே இருக்கட்டும். மிஞ்சின மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் அலமாரியில வை. மிஞ்சின உப்பு, எண்ணெய் வாட்சர் வீட்டுக்கு. உன் பிளாஸ்டிக்கு, பாட்டிலு, சிப்ஸ் கவர் எல்லாம் உன் வண்டியிலயே மலை இறங்கட்டும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரியிலேயே தூக்கிப் போடற பிளாஸ்டிக்கைத் தடை பண்ணியாச்சு. அது மலையில இருக்கற எங்களுக்குத் தெரியும், மலைக்கு வர்றவங்களுக்குத்தான் சேதி போய்ச் சேரல. தரையைக் கூட்டு. விளக்குமாறு எங்கன்னு கேக்காத. சாமான் பதிவேட்டுல இருக்கும், வாட்சர் வீட்டுல வாங்கிக் கூட்டு.

இதெல்லாம் செஞ்சா எனக்கு என்ன கிடைக்கும்னு கேப்பே, பட்டணத்துப் பிள்ளை. அடுத்த வாரம் மழையில நனைஞ்சு ஒருத்தன் இருட்டுல வந்து கதவைத் திறப்பான். கை தடவி சுவிட்சைப் போடுவான், பல்பு எரியும். உன்னை வாழ்த்த மாட்டான், எரியற விளக்கை யாரு கவனிக்கறா? ஆனா திட்டவும் மாட்டான். பொதுச் சொத்தைத் தொட்டுட்டு யார் வாயிலயும் விழாம ஊர் போய்ச் சேர்றவன் நம்ம நாட்டுல எத்தனை பேரு, நீயே சொல்லு.